ஒரே வளவில் ஒருவருக்கு இரண்டு பிரஜாவுரிமை, ஒருத்திக்கு ஒன்றுமே இல்லை: வாக்காளர் இடாப்பில் பெயர் போடுவது எப்படி?

மீசாலைப் பெடியன் கேட்டது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வளவுக்குள் இப்போது மூன்று குடும்பம். சித்தப்பா 88இல் கனடா போய் அங்கே பிரஜையானவர். மூன்று வருஷத்துக்கு முன் திரும்பி வந்து பழைய வீட்டைத் திருத்தி, மாமரங்களுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டு இருக்கிறார். இரட்டைப் பிரஜாவுரிமைப் பத்திரத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறார், வருகிற போகிற ஆட்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார். மற்றப் பக்கம் பெரியம்மாவும் மகளும். பெரியம்மா ஆட்கள் 1990இல் படகேறித் தமிழ்நாடு போய் முகாமில் இருந்தவர்கள். தங்கச்சி 2005இல் அங்கேதான் பிறந்தாள். பெரியப்பா அங்கேயே தவறிவிட்டார். 2012இல் தாயும் மகளும் மட்டும் திரும்பி வந்தார்கள். தங்கச்சியிடம் இருப்பது அந்த ஊர் நகராட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழும் முகாம் அட்டையும்தான். பள்ளிக்கூடத்தில் எப்படியோ சேர்த்தோம், ஓ.எல். பரீட்சைக்குத் தபால் அடையாள அட்டையோடு போனாள், அதற்குப் பிறகு இந்தா அந்தா என்று இழுபட்டு இன்றுவரை தேசிய அடையாள அட்டை இல்லை. ஓர் அலுவலகத்தில் "இந்தியாவில் பிறந்த ஆள் இந்தியப் பிரஜைதானே, அங்கே போய்க் கேளுங்கள்" என்று திருப்பி அனுப்பினார்கள். அதோடு பெரியம்மா வெறுத்துப்போய் விட்டுவிட்டார்.

போன கிழமை விதானையார் வாக்காளர் படிவம் கொண்டு வந்து தந்தார். விறாந்தையில் இருந்து நான்தான் நிரப்பினேன். பெரியம்மா, அம்மா, நான் எல்லாம் சரி. தங்கச்சியின் பெயரை எழுதிவிட்டு அடையாள அட்டை இலக்கத்துக்கான கூட்டுக்கு வந்ததும் பேனை நின்றுவிட்டது. தேத்தண்ணி கொண்டு வந்தவள் எட்டிப் பார்த்துவிட்டு, "அதை விடுங்கோ அண்ணா, என்ரை பேரை வெட்டுங்கோ" என்றாள். நான் வெட்டவில்லை, படிவம் இன்னும் மேசையில்தான் கிடக்கிறது.

இதுக்குள்ளே சித்தப்பா வேறு ஒரு கதை தொடங்கியிருக்கிறார். தன் பெயர் இடாப்பில் இல்லை, முதலில் அதைப் போட வேண்டுமாம், அடுத்த பாராளுமன்றத் தேர்தலில் தனியாளாகச் சுயேச்சையில் கேட்கப்போகிறாராம். ஒரு கட்சிக்காரரும் வந்து கதைத்துவிட்டுப் போனார். இரட்டைப் பிரஜை வாக்குப் போடலாமா, தேர்தல் கேட்கலாமா? தங்கச்சி உண்மையில் எந்த நாட்டு ஆள்? விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழைய விதானை:

தம்பி, 27 வருஷம் கிராம அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் தங்கச்சி. பிறப்பால் இந்தியப் பிரஜை என்பது பழைய கதை. இந்தியா தன் சட்டத்தை மாற்றி 2004 டிசம்பர் 3ஆம் திகதியிலிருந்து நடைமுறைக்குக் கொண்டு வந்தது. அதற்குப் பிறகு அங்கே பிறந்த பிள்ளைக்கு, பெற்றாரில் ஒருவராவது இந்தியப் பிரஜையாக இருந்தால்தான் அந்த வழி திறக்கும், மற்றவரும் சட்டவிரோதமாக வந்தவராக இருக்கக் கூடாது. தங்கச்சி பிறந்தது 2005, தாயும் தகப்பனும் இலங்கையர். ஆகவே அந்தக் கதவு அவளுக்குத் திறக்கவே இல்லை. 2019இல் அங்கே கொண்டுவந்த திருத்தத்திலும் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாட்டைத்தான் எழுதினார்கள், எங்கள் ஆட்களை விட்டுவிட்டார்கள். அலுவலகத்தில் இருந்தவர் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார்.

எங்கள் பக்கம் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், 5ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. வெளிநாட்டில் பிறந்த பிள்ளை, பிறந்த நேரத்தில் பெற்றார் இலங்கைப் பிரஜையாக இருந்திருந்தால், வம்சாவளிப் பிரஜையாகலாம். முன்பு தகப்பன் வழி மட்டும்தான், 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தாய் வழியும் போதும். பெரியப்பா இல்லையே என்று யோசிக்க வேண்டாம், பெரியம்மாவின் பிறப்பத்தாட்சிப் பத்திரம் இருந்தாலே காரியம் நடக்கும். ஆனால் ஒரு முடிச்சு இருக்கிறது. அந்தப் பிறப்பை ஒரு வருஷத்துக்குள் எங்கள் தூதரகத்திலோ இங்கேயோ பதிந்திருக்க வேண்டும். பதியாவிட்டால் தக்க காரணம் காட்டிப் பிந்திப் பதியலாம். உங்கள் தங்கச்சிக்குச் செய்யாமல் விட்டது அந்த ஒன்றைத்தான். முகாமில் இருந்த எத்தனையோ பேர் சென்னைக்குப் போய்ப் பதியவில்லை, பஸ் காசுக்கே வழியில்லாத காலம் அது. அலுவல் பார்க்கும் இடம் பத்தரமுல்லையில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம், பிரஜாவுரிமைப் பிரிவு. அந்தப் பத்திரம் வந்த பிறகு அடையாள அட்டைக்கு என்னைப் போன்ற ஒரு விதானை கையெழுத்து வைத்து அனுப்புவார், அதற்குப் பிறகு இடாப்பு. இந்த ஒழுங்கை மாற்ற முடியாது, அடையாள அட்டையிலிருந்து தொடங்கினால் எங்கே போனாலும் முட்டும்.

இடாப்பைப் பற்றி ஒரு விஷயம். படிவத்தை நிரப்பிக் கொடுத்தவுடன் வேலை முடிந்தது என்று சனம் நினைக்கிறது. பிறகு இரண்டு பட்டியல் ஒட்டுவார்கள், வெட்டப்படுகிற பெயர்கள் 'ஏ' பட்டியலில், புதிதாகச் சேருகிற பெயர்கள் 'பி' பட்டியலில். என் காலத்தில் அந்தக் கடதாசிகள் அலுவலகச் சுவரில் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும், பக்கத்தில் கோயில் திருவிழா நோட்டீஸ், அதைத்தான் எல்லோரும் வாசிப்பார்கள். பெயர் தவறுதலாக வெட்டுப்பட்டிருந்தால் அந்த நேரத்தில்தான் உரிமைக் கோரிக்கை கொடுக்க வேண்டும். தேர்தல் அன்று காலை வாக்களிப்பு நிலையத்தில் வந்து நின்று என்னோடு சண்டை பிடித்தவர்கள் ஏராளம்.

படிவத்தில் தங்கச்சியின் பெயரை இந்த முறை எழுத வேண்டாம், தம்பி. பிரஜை என்று பதிவு இல்லாமல் எழுதினால் பொய்த் தகவல் கொடுத்ததாகிவிடும். கஷ்டமாகத்தான் இருக்கும். பத்திரம் கையில் வந்ததும் அடுத்த முறை இடாப்பைத் திருத்தும்போது பெயரைக் கொடுங்கள்.


கொக்குவில் சந்தி:

தங்கச்சி அலுவல் சரி. எனக்குச் சித்தப்பாவில்தான் கண். என்ன சின்னம் யோசித்து வைத்திருக்கிறார்? வீடு, சைக்கிள், வீணை, சங்கு எல்லாம் கட்சிகளுக்குப் போய்விட்டது, திசைகாட்டியும் போய்விட்டது. மீசாலை ஆளுக்கு மாம்பழம் கிடைத்தால் நல்லது, புள்ளடி போடுகிற ஆட்களுக்குப் பசியும் வரும் 😀


நீதித்தராசு:

சட்டம் படித்துக்கொண்டிருக்கிறேன், வழக்கறிஞர் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

சித்தப்பா வாக்குப் போடலாம். அரசியலமைப்பின் 3ஆவது உறுப்புரை இறைமை மக்களிடம் என்று சொல்லி, அதற்குள் ஆட்சி அதிகாரம், அடிப்படை உரிமை, வாக்குரிமை மூன்றையும் சேர்த்து வைத்திருக்கிறது. 18 வயதான பிரஜை, இடாப்பில் பெயர் இருந்தால் வாக்களிக்கலாம் என்கிறது அடுத்த உறுப்புரை. 89ஆவது உறுப்புரையில் யார் யார் வாக்காளராக முடியாது என்று பட்டியல் இருக்கிறது: பிரஜை அல்லாதவர், சித்தசுவாதீனம் இல்லாதவர், பெரிய குற்றத்துக்குச் சிறை போனவர் என்று. இரட்டைப் பிரஜை அதில் இல்லை. மூன்று வருஷமாக அங்கே வழக்கமாகக் குடியிருக்கிறார், விதானையாருக்கும் தெரியும், ஆகவே படிவத்தில் எழுதுங்கள். கனடாவிலேயே இருந்துகொண்டு போடலாமா என்று யாராவது கேட்பீர்கள், முடியாது, வெளிநாட்டிலிருந்து வாக்களிக்கும் ஏற்பாடு எங்கள் சட்டத்தில் இல்லை.

பாராளுமன்றம் போகும் கனவைத்தான் மறக்க வேண்டும். 91ஆவது உறுப்புரை. 2015இல் 19ஆவது திருத்தம் வந்து, வேறு நாட்டுப் பிரஜாவுரிமையும் வைத்திருப்பவர் பாராளுமன்ற உறுப்பினராக முடியாது என்றது. கீதா குமாரசிங்க சுவிஸ் பிரஜாவுரிமையால் 2017இல் ஆசனத்தை இழந்தார். 2020இல் 20ஆவது திருத்தம் அந்தத் தடையைத் தூக்கியது, அடுத்த வருஷமே அமெரிக்கப் பிரஜையான பசில் ராஜபக்ஷ தேசியப் பட்டியலால் உள்ளே வந்து நிதி அமைச்சரானார். 2022இல் 21ஆவது திருத்தம் தடையைத் திரும்பப் போட்டது. ஏழு வருஷத்துக்குள் போட்டு, எடுத்து, மறுபடி போட்டார்கள். யாருக்காக எடுத்தார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. 2024 மே மாதம் டயானா கமகேயும் ஆசனத்தை இழந்தார், அவரை இலங்கைப் பிரஜையே இல்லை என்று உயர் நீதிமன்றம் சொன்னது. சித்தப்பா கனடாப் பிரஜாவுரிமையைக் கைவிட்டால் கேட்கலாம். கைவிடுவாரா என்று கேட்டுப் பாருங்கள், பதிலைக் கட்டாயம் இங்கே எழுதுங்கள்.

அப்புறம், தனியாளாகக் கேட்கப்போகிறேன் என்கிறாரே, அப்படி ஒன்று பாராளுமன்றத் தேர்தலில் கிடையாது. சுயேச்சை என்றாலும் குழுவாகத்தான் வர வேண்டும், மாவட்டத்துக்கு எத்தனை ஆசனமோ அதோடு மூன்று கூட்டி அத்தனை பேரை நிறுத்த வேண்டும். யாழ்ப்பாணத்துக்கு இப்போது 6 ஆசனம், ஆகவே 9 பேர். ஒரு பெயரில் பிழை என்று முழுப் பட்டியலும் தட்டுப்பட்ட கதைகள் உண்டு. 2024இல் 17ஆம் இலக்கச் சுயேச்சைக் குழுவுக்கு இங்கே ஓர் ஆசனம் கிடைத்ததைப் பார்த்து இப்போது ஒவ்வொரு சந்தியிலும் ஒரு குழு முளைக்கிறது. கட்சியோடு போனால் வேறு தொல்லை. 99ஆவது உறுப்புரைப்படி கட்சி உங்களை நீக்கினால் ஒரு மாதத்தில் ஆசனம் காலியாகும், அந்த ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, நீக்கியது செல்லாது என்று தீர்ப்பு வந்தால்தான் தப்பலாம். சனம் விருப்பு வாக்குப் போட்டு ஆளைத் தெரிவு செய்கிறது, ஆசனத்தின் கடிவாளம் கட்சிச் செயலாளரின் கையில். எனக்கு இது பிடிக்கவே இல்லை, ஆனால் கட்சி மாறிகளைப் பார்த்தால் அதுவும் பிடிக்கவில்லை.


கணக்கு வாத்தி:

ஒரு பெயர் இல்லாவிட்டால் என்ன என்று நினைப்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. மாவட்டங்களுக்குப் பிரிக்கிற 196 ஆசனத்தில் 160ஐப் பிரிப்பது பதிந்த வாக்காளர் எண்ணிக்கையை வைத்து, எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்பதை வைத்து அல்ல. 2024இல் நாட்டில் ஏறத்தாழ 1 கோடியே 71 இலட்சம் வாக்காளர், 160ஆல் வகுத்தால் ஆசனத்துக்கு ஒரு இலட்சத்து ஏழாயிரம் சொச்சம். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் (கிளிநொச்சியும் இதற்குள்தான்) 2010இல் 9 பேரை அனுப்பியது. 2015இலும் 2020இலும் 7. 2024இல் 5 இலட்சத்து 93 ஆயிரம் வாக்காளர், 6 பேர். வெளிநாடு போனவர், செத்தவர், இடம்பெயர்ந்து எங்கேயும் பதியாதவர் எல்லாம் கழிந்துபோன மிச்சம் இது.

பக்கத்து வன்னித் தேர்தல் மாவட்டத்தில் 3 இலட்சம் வாக்காளர், அங்கேயும் 6 ஆசனம் என்று மூக்கில் விரல் வைக்க வேண்டாம். மற்ற 36 ஆசனம் மாகாணத்துக்கு நாலு என்று தனியாகக் கொடுப்பது. வட மாகாணத்தின் நாலில் பெரும்பங்கு வன்னிக்குப் போகிறது.

இன்னொன்று, இடாப்பில் பெயர் இருந்தும் போகாமல் விட்ட கதை. 2005 ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் வாக்களித்தது நூற்றுக்கு ஒன்றேகால் பேர் கூட இல்லை, அந்த முறை வென்றவருக்கும் தோற்றவருக்கும் நாடளாவிய வித்தியாசம் இரண்டு இலட்சத்துக்கும் குறைவு. ஏன் போகவில்லை, யார் போகவிடவில்லை என்று இங்கே தொடங்கினால் விடியும், நான் எண்ணிக்கையோடு நிறுத்துகிறேன்.


குளத்தடி:

கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். மீசாலைத் தம்பி, உங்கள் தங்கச்சி "என்ரை பேரை வெட்டுங்கோ" என்று சொன்னதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

எங்கள் தாத்தா மலையகத் தோட்டத்து ஆள், 77 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு இந்தப் பக்கம் வந்து காடு வெட்டிக் குடியேறியவர். 1947இல் அவர் வாக்குப் போட்டிருக்கிறார். அந்தத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனம் எடுத்தது. அடுத்த வருஷம் விதானை ஐயா சொன்ன அதே 18ஆம் இலக்கச் சட்டம் வந்தது, 49இல் இன்னும் இரண்டு சட்டம், ஒன்று இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைக்கு, மற்றது வாக்குரிமையைப் பிரஜைகளுக்கு மட்டும் என்று முடிச்சுப் போட. 52 தேர்தலில் அந்த 7 ஆசனமும் இல்லை, தாத்தாவின் பெயரும் இல்லை. கொழுந்து பறித்த கையால் புள்ளடி போட்ட கதையைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

64இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இங்கே, மிச்சம் ஒன்றரை இலட்சத்தைப் பத்து வருஷம் கழித்துப் பாதி பாதியாகப் பிரித்தார்கள். அதற்குப் பிறகும் நாடற்றவர்கள் இருந்தார்கள், அவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்க 88இல் ஒரு சட்டம், 2003இல் ஒரு சட்டம். அம்மா கடைசியில் பத்திரம் எடுத்தபோது எனக்கு மீசை முளைத்துவிட்டது. அந்தப் பத்திரத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். சித்தப்பாவின் பிளாஸ்டிக் உறையைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது.

ஒன்று கேட்கட்டுமா, கோபிக்கக் கூடாது. எங்கள் ஆட்களின் வாக்கைப் பறித்தபோது யாழ்ப்பாணத்துத் தலைவர்கள் எல்லோரும் ஒரே பக்கத்தில் நின்றார்களா?


கொக்குவில் சந்தி:

அண்ணை, அந்தப் புற்றுக்குள் கை வைக்காதீர்கள், சைக்கிள்காரரும் (தமிழ்க் காங்கிரஸ்) வீட்டுக்காரரும் (தமிழரசுக் கட்சி) இங்கேயே கட்டிப் புரள்வார்கள்.


பழைய விதானை:

குளத்தடித் தம்பி கேட்டது நியாயமான கேள்வி, ஒளிக்க ஒன்றும் இல்லை. எல்லோரும் ஒரே பக்கத்தில் நிற்கவில்லை. 48இல் ஜீ.ஜீ. பொன்னம்பலம் டீ.எஸ். சேனநாயக்கவின் அரசாங்கத்தில் அமைச்சரானார். தமிழ்க் காங்கிரஸ் பிளந்தது. மலையகத் தமிழரின் பிரஜாவுரிமையை முன்வைத்துத்தான் செல்வநாயகம் ஆட்கள் வெளியே வந்து 1949 டிசம்பர் 18இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். இன்று இரண்டு கட்சிக்காரரும் வீட்டுப் படலையைத் தட்டி வாக்குக் கேட்கிறார்கள், இந்தக் கதையை ஒருவரும் சொல்வதில்லை. எங்கள் ஊரில் அந்த நாட்களில், "அது அவையின்ரை பிரச்சினை" என்று சொன்ன பெரியவர்கள் இருந்தார்கள் என்று என் தகப்பனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதே ஊரின் பிள்ளைகள் 90க்குப் பிறகு முகாமில் பிறந்து, அதே சட்டத்தின் 5ஆவது பிரிவில் மாட்டி நிற்கிறார்கள்.


மீசாலைப் பெடியன்:

எல்லோருக்கும் நன்றி. இரவு எல்லாவற்றையும் சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கனடாவைக் கைவிடுவீர்களா என்று கேட்டேன். "பென்சனை ஆர் தாறது, நீயோ?" என்றார். ஆக பாராளுமன்றம் ஒரு நல்ல வேட்பாளரை இழந்துவிட்டது. ஆனால் படிவத்தில் அவருடைய பெயரை எழுதினேன், விதானையார் இன்று வந்து வாங்கிக்கொண்டு போனார். தங்கச்சியின் பெயரை ஒரு கோட்டால் வெட்டினேன், அவள் அந்த நேரம் வெளியே வரவில்லை.

குளத்தடி அண்ணா எழுதியதைப் பெரியம்மாவுக்கும் வாசித்தேன். ஒன்றும் கதைக்கவில்லை. இன்று விடிய எழும்பி டிரங்குப் பெட்டியைத் திறந்து, தன்னுடைய பிறப்பத்தாட்சிப் பத்திரம், பெரியப்பாவின் பழைய அடையாள அட்டை, முகாம் அட்டை எல்லாவற்றையும் பாயில் பரப்பி வைத்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டினார். வருகிற திங்கள் இரவு பஸ்ஸில் பத்தரமுல்லைக்குப் போகிறோம், சித்தப்பாவும் வருகிறார், அலுவலகங்களில் கதைக்கத் தனக்குத்தான் தெரியுமாம்.

ஒரு சிக்கல். தமிழ்நாட்டுச் சான்றிதழில் பெரியப்பாவின் பெயர் ஓர் எழுத்து மாறி இருக்கிறது, முன்னெழுத்தும் வேறு. இதற்கு என்ன செய்வது?


பழைய விதானை:

பயப்படாதீர்கள், அந்தப் பக்கத்துக் கடதாசிகளில் பாதி அப்படித்தான். இரண்டு பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கிறது என்று ஒரு சத்தியக்கடதாசி முடியுங்கள், சமாதான நீதவான் முன்னால் பெரியம்மா ஒப்பமிடட்டும், போவதற்கு முன்பே செய்யுங்கள். எல்லாவற்றிலும் மூன்று போட்டோக் கொப்பி எடுங்கள். மூலப் பத்திரத்தைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்குங்கள், கவுண்டரில் விட்டுவிட்டு வர வேண்டாம். சித்தப்பாவைக் கதைக்க விடுங்கள், ஆனால் கடதாசிப் பையை தங்கச்சியின் கையிலேயே கொடுங்கள்.